வெளிச்சம் இருக்கும்போதே

1937ஆம் வருஷம் ஜனவரி மாதம் பன்னிரண்டாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை, மதுரை பழங்காநத்தத்தில், வண்டிப்பேட்டைக்குப் பின்னால் இருந்த ஓட்டு வீடு ஒன்றில் ஒரு பெரியவர் இறந்துபோனார். பத்து மணிக்குள் ஹாலாஸ்யம் அங்கே இருந்தான்.

யாரும் அவனுக்குச் சொல்லி அனுப்பவில்லை. மேலமாசி வீதியில் இருந்த மங்கள விலாஸ் போட்டோ ஸ்டூடியோவுக்கு வேலை பிடித்துக் கொடுக்கிற கான்வாசர் அவன். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் ஜனங்கள் ஸ்டூடியோவைத் தேடி வருவார்கள். சாவுக்கு ஸ்டூடியோதான் ஜனங்களைத் தேடிப் போக வேண்டும். அதுவும் பாடை எடுப்பதற்குள் போயாக வேண்டும். ஊரில் பாதிப் பேருக்கு உயிரோடு இருக்கும்போது எடுத்த படம் என்று ஒன்று கிடையாது. படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்ற பயம். ஆகவே மனிதன் செத்த பிறகு, ஆயுசைப் பற்றிய கவலை தீர்ந்த பிறகு, அவனை நாற்காலியில் உட்கார வைத்து, நெற்றியில் திருநீறும் கழுத்தில் மாலையுமாக ஒரு படம். மூங்கில் கடைக்காரனும் மாலை கட்டுகிறவனும் சங்கு ஊதுகிறவனும் ஹாலாஸ்யத்துக்குச் சேதி சொல்லுகிறவர்கள். மூங்கிலை வெட்டி முடிப்பதற்குள் அவன் சாவு வீட்டு வாசலில் நிற்பான்.

வீட்டுக்குள் போக மாட்டான். செருப்புகள் கிடக்கிற இடத்தில், சொந்தக்காரனா அசலானா என்று தீர்மானிக்க முடியாத தூரத்தில், கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். கண் மட்டும் மூத்த மகன்மீது இருக்கும். முதல் அழுகை ஓய்ந்திருக்கும். சாமான் வாங்கப் போனவர்கள் திரும்பியிருக்க மாட்டார்கள். குளிப்பாட்ட வெந்நீர் இன்னும் அடுப்பில் ஏறியிருக்காது. அந்த நேரத்தில் மூத்த மகனுக்கு மட்டும் ஒரு வேலையும் இருக்காது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பான். ஒருமுறை பிணத்தின் முகத்தைப் பார்ப்பான். பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொள்வான். அது துக்கம். கொஞ்சம் கழித்து மறுபடியும் பார்ப்பான். அது துக்கம் இல்லை. அந்த முகத்தை மனசில் பதித்துக்கொள்ளப் பார்க்கிறான். இரண்டாவது பார்வைக்கும் மூன்றாவது பார்வைக்கும் நடுவில் அவன் பக்கத்தில் போய் நின்றுவிட வேண்டும். தவறவிட்டால் பங்காளிகள் வந்துவிடுவார்கள். அதற்கப்புறம் அந்த மகன் யாருக்கும் கிடைக்க மாட்டான்.

போட்டோ என்ற சொல்லையே ஹாலாஸ்யம் எடுக்க மாட்டான். காலையாக இருந்தால், வெயில் மேலே ஏறினால் முகத்தில் நிழல் விழுந்துவிடும் என்பான். மாலையாக இருந்தால் வெளிச்சம் போய்விடும் என்பான். மழைக்காலத்தில், இப்போது மேகம் விலகியிருக்கிறது, எந்நேரமும் மூடிக்கொள்ளும் என்பான். வருஷத்தின் எந்த நாளிலும் எந்த வேளையிலும், அதை இப்போதே செய்துவிட வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் அவனிடம் இருந்தது. எல்லாமே உண்மையான காரணங்கள். ஐந்து வருஷத்தில் அவன் ஒரு படம்கூட விற்றதில்லை என்றுகூடச் சொல்லலாம். வெளிச்சத்தை விற்றான்.

பழங்காநத்தத்துப் பெரியவரின் மகன் பெயர் காளை. மில்லில் வேலை பார்க்கிறவன். கழுத்துப் பட்டியில் பஞ்சு ஒட்டியிருந்தது. அவன் இரண்டாவது தடவை பார்த்தபோது ஹாலாஸ்யம் பக்கத்தில் போய் நின்று, வெயிலைப் பார்த்துக்கொண்டே நிழலைப் பற்றிச் சொன்னான். காளைக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் அப்பனைப் பார்த்தான்.

"எங்கய்யா போட்டாப் பொட்டியக் கண்டாலே ஓடுவாருங்க. திருவிழாவுல ஒரு தடவ மூஞ்சியத் துண்டால மூடிக்கிட்டு ஓடியாந்துட்டாரு."

கீழே உட்கார்ந்திருந்த காளையின் மாமன் சின்னான், வெற்றிலையை மென்றுகொண்டே, "இனிமே எங்க ஓடப்போறாரு. கூப்புடு மாப்ள" என்றான்.

தெரு முக்கில் வேப்பமரத்தடியில் காத்திருந்த ஸ்டூடியோ முதலாளி கருத்தக்கண்ணனும் சுமையாள் பேச்சிமுத்துவும் வந்தார்கள். பேச்சிமுத்துவின் தலையில் காமிராப் பெட்டி, தோளில் முக்காலி, ஒரு கையில் நாற்காலி. உயர்ந்த முதுகு வைத்த தேக்கு நாற்காலி. முதுகுப் பலகையில் இரண்டு இடத்தில் நீளமாகத் துளை போட்டிருக்கும். அதன் வழியாக வாரைக் கொண்டுவந்து மார்போடு கட்டி, மேலே அங்கவஸ்திரத்தைப் போட்டு மறைத்துவிடுவார்கள். படம் பதிகிற கண்ணாடி பிளேட்டு, கருத்தக்கண்ணன் ஒரு சாவுக்கு ஒன்றுதான் கொண்டுவருவார். இரண்டாவது தேவைப்பட்டதில்லை. கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை எடுத்து, லென்ஸ் மூடியைத் திறந்து, மூன்று எண்ணி மூடினார். திரும்பும்போது ஹாலாஸ்யத்திடம் மெதுவாகச் சொன்னார்:

"கல்யாண மாப்ளய ஒரு எடத்துல நிறுத்துறதுக்குள்ள எனக்குப் பாதி உசுரு போயிருது. இவுகளப் பாருங்க சாமி. மூச்சு விடாம ஒத்துழைக்கிறாக."

ஹாலாஸ்யம் சிரித்தான். அந்த வேடிக்கையை அவர் அடிக்கடி சொல்வார். அவனும் ஒவ்வொரு தடவையும் அதே அளவு சிரிப்பான்.

ஒரு கம்பெனியின் மதுரை ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவன் அவன். ஆள் குறைத்தபோது அவன் பெயரும் போயிற்று. ஒரு வருஷம் சும்மா இருந்த பிறகு இந்த வேலை. சாவு வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் ஸ்நானம் செய்யாமல் வீட்டுக்குள் போக முடியாது. ஆகவே தினமும் வைகையில் முங்கிவிட்டு, ஈர வேஷ்டியோடு சிம்மக்கல்லுக்கு வடக்கே தன் சந்துக்குள் நுழைவான். அந்தச் சந்தில் எல்லாம் பிராமணக் குடும்பங்கள். ஈர வேஷ்டியைப் பார்த்தே ஊரில் எங்கோ சாவு என்று தெரிந்துகொள்வார்கள். எதிர்வீட்டு வாலாம்பாள் மாமி, "இன்னிக்கு எந்தப் பேட்டை?" என்று கேட்பாள். இளவட்டங்கள் அவனுக்கு வைத்திருந்த பெயர் கடைசிப்படம். அது அவனுக்குத் தெரியும். கோபம் வந்த காலம் போய்விட்டது.

வீட்டின் பின்கட்டில் அவன் மனைவி ஸ்யாமளா படுத்திருந்தாள். முன்கட்டு ஐப்பசியிலிருந்து காலியாகக் கிடந்தது. க்ஷயக்காரி இருக்கிற வீட்டுக்கு யாரும் குடிவரவில்லை. மாலையில் காய்ச்சல், விடியற்காலையில் வியர்வை, இடையில் இருமல். மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா முதலில் செய்யச் சொன்னது, குழந்தையைப் பிரித்துவைப்பது. இரண்டு வயசுப் பெண் குழந்தை. ஸ்யாமளாவின் தாயார் ஜகதாம்பாள் அதைச் சோழவந்தானுக்கு எடுத்துக்கொண்டு போனாள். மாசத்துக்கு ஒருமுறை கொண்டுவந்து முற்றத்தின் அந்தப் பக்கம் நிறுத்திக் காட்டுவாள். கடைசியாக வந்தபோது குழந்தை ஸ்யாமளாவைப் பார்த்துவிட்டுப் பாட்டியின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.  இரண்டு நாள் கழித்து ஸ்யாமளா பேச்சை எடுத்தாள்.

"என்னை ஒரு படம் எடுத்துடுங்கோ. குழந்தைக்கு என் மூஞ்சி ஞாபகம் இருக்காது."

அவன், உடம்பு தேறட்டும், ஜோராக எடுக்கலாம் என்றான். ஸ்யாமளா உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க முதலாளி வரையற கண்ணு எனக்கு வேண்டாம். எல்லாருக்கும் ஒரே கண்ணு."

அவள் சொன்னது சரி. கொடுக்க வேண்டிய படங்களை அவன் வீட்டு வழியாக எடுத்துப் போகும்போது அவள் பிரித்துப் பார்த்திருக்கிறாள். பிணத்தின் மூடிய இமைகள்மேல் கருத்தக்கண்ணன் மெல்லிய தூரிகையால் திறந்த கண்களை வரைவார். அவருக்கு வருவது ஒரே கண். கொஞ்சம் பெரிசாக, இடது பக்கம் பார்க்கிற மாதிரி. ஐந்து வருஷமாக மதுரையில் செத்தவர்களில் கணிசமான பேர், செட்டியாரும் கோனாரும் மூக்கையா ஆசாரியும் கைக்குழந்தையும், சுவர்களிலிருந்து ஒரே மாதிரி இடது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஸ்டூடியோ இரண்டாவது மாடியில் இருந்தது. கூரையில் கண்ணாடி பதித்த அறை. ஏணிமாதிரி செங்குத்தான படி. ஸ்யாமளாவால் ஏற முடியாது. காமிராவைத்தான் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அந்தப் பெட்டி இதுவரை அவன் சந்துக்குள் வந்ததில்லை. மார்கழியில் வெளிச்சம் போதாது, தை பிறக்கட்டும் என்றான். தை பிறந்தது. கன்னம் ஒட்டியிருக்கிறது, கொஞ்சம் சதை வைக்கட்டும் என்றான். முதலாளிக்கு இந்த வாரம் முகூர்த்தங்கள் என்றான். சொல்லும்போதே அந்த வாக்கியங்களை எங்கோ கேட்ட ஞாபகம் வந்தது. சாவு வீட்டு வாசலில் அவன் கையை விட்டுப் போகிற ஆசாமிகள் சொல்கிற வாக்கியங்கள் அவை. யாராவது அப்படிப் பேச ஆரம்பித்தால் மேற்கொண்டு ஒரு வார்த்தையும் வீணாக்காமல் அவன் செருப்பை மாட்டிக்கொள்வான். ஸ்யாமளா செருப்பை மாட்டிக்கொண்டு போக முடியாதவள். அவள் ஒரே ஒரு தடவை, அவன் பக்கம் திரும்பாமல், "வெளிச்சம் போயிடும்னு ஊருக்கெல்லாம் சொல்றேளே" என்றாள்.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அவளுக்குக் காய்ச்சல் இல்லை. முந்தின நாள் மாலையும் இல்லை. விடிந்ததும் எழுந்து, அவன் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல வெந்நீர் போட்டுத் தலைக்குக் குளித்தாள். தலையைத் துவட்டிக்கொண்டே பெட்டியிலிருந்து கூறைப்புடவையை எடுத்து வைக்கச் சொன்னாள். அரக்கு நிறம், மடிப்பில் கொஞ்சம் இற்றிருந்தது. அவன் அந்தப் புடவையைப் பார்த்தான். பிறகு முற்றத்துச் சுவரில் வெயில் எங்கே இருக்கிறது என்று பார்த்தான். ராகுகாலம் பத்தரைக்கு. சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனான்.

சந்தில் யாரிடமும் அவன் சொல்லவில்லை. சொன்னால் கண் பட்டுவிடும் என்று ஸ்யாமளா சொல்லியிருந்தாள். அவனுக்கும் சொல்லக் கூச்சமாக இருந்தது. கருத்தக்கண்ணன் உடனே கிளம்பினார். பழக்கத்தில் ஒரு பிளேட்டை எடுத்துக்கொண்டார். பழக்கத்தில் பேச்சிமுத்து நாற்காலியையும் எடுத்துக்கொண்டான். பெட்டியும் முக்காலியும் நாற்காலியுமாகப் பேச்சிமுத்து முன்னால் நடக்க, கறுப்புத் துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு கருத்தக்கண்ணன் நடக்க, பின்னால் ஹாலாஸ்யம் வந்தான். கண்களைத் தரையில் வைத்து, கையை முன்னால் கோத்து, அவசரமில்லாமல். ஐந்து வருஷமாக அந்தப் பெட்டிக்குப் பின்னால் அவன் வேறு மாதிரி நடந்ததில்லை. அன்றைக்கு வேறு மாதிரி நடக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

சந்தில் கோலத்துக்குச் செம்மண் இட்டுக்கொண்டிருந்த ஒருத்தி எழுந்து ஒதுங்கி நின்றாள். யாரோ ஒருவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். ஹாலாஸ்யம் நிமிரவில்லை.

முற்றத்தில் வெளிச்சம் நன்றாக இருந்தது. ஸ்யாமளா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மடிசார் கட்டி, தலையில் ஒரு துண்டு கதம்பம் வைத்திருந்தாள். வீட்டில் நாற்காலி கிடையாது. பேச்சிமுத்து கொண்டுவந்ததைப் பார்த்த பிறகுதான் ஹாலாஸ்யத்துக்கு உறைத்தது. வேண்டாம், எதிர்வீட்டில் ஸ்டூல் வாங்கி வருகிறேன் என்று புறப்பட்டான். ஸ்யாமளா நாற்காலியின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அவள் விரல் அந்த நீளத் துளைக்குள் போய்விட்டு வெளியே வந்தது.

"இதுலதான் எல்லாரும் உட்கார்ந்துண்டாளா?"

பேச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டான். அவள் உட்கார்ந்தாள். அப்புறம் இன்னொரு தடவை குளித்தால் போகிறது என்றாள். கைகளை எப்படி வைத்துக்கொள்வது என்று கேட்டாள். கருத்தக்கண்ணனுக்கு அதற்குப் பதில் சொல்லிப் பழக்கமில்லை. அவர் எடுக்கிறவர்களின் கையை அவரே வைத்துவிடுவார். மடியில் ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கும்படி ஹாலாஸ்யம் சொன்னான்.

கருத்தக்கண்ணன் துணிக்குள் போய் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் ஹாலாஸ்யம் ஒன்றைக் கவனித்தான். தெரு சத்தமில்லாமல் இருந்தது. கிணற்று ராட்டினம் கிறீச்சிடவில்லை. பத்து மணிக்குக் கூரைகளுக்கு மேலே எப்போதும் நிற்கிற புகை இல்லை. சந்துக்கோடி அனுமார் கோயில் மணியும் அடிக்கவில்லை. இது அவனுக்கு மிகவும் தெரிந்த அமைதி. எங்கே கேட்டோம் என்று யோசித்தான், பிடிபடவில்லை. ராகுகாலத்துக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்ற யோசனையில் அதை விட்டுவிட்டான். வெயில் அவள் கன்னத்துக்கு ஓர் அங்குலம் மேலே சுவரில் இருந்தது.

"முதலாளி, வெளிச்சம் இருக்கும்போதே எடுத்துடுங்கோ."

"ஆடாம இருங்கம்மா. மூணு எண்ணுவேன். அம்புட்டுத்தான்" என்று சொல்லிக் கருத்தக்கண்ணன் மூடியைக் கழற்றினார். ஸ்யாமளா நேராகப் பார்த்தாள். பெட்டியைப் பார்க்கவில்லை, பெட்டிக்குப் பின்னால் நின்ற ஹாலாஸ்யத்தைப் பார்த்தாள். ஒன்று என்றார். முன்கட்டுக் கதவு திறந்தது. இரண்டு என்பதற்குள், மார்பில் அடித்துக்கொண்டு வந்த வாலாம்பாள் மாமியின் குரல் நடையிலிருந்து கேட்டது.

"அடி ஸ்யாமளா, போயிட்டியாடி, குழந்தையை விட்டுட்டுப் போயிட்டியாடி..."

ஸ்யாமளா திரும்பிப் பார்த்தாள். மூன்று. கருத்தக்கண்ணனின் கை தானாகவே மூடியை வைத்தது.

மாமி முற்றத்தின் விளிம்பில் அவிழ்ந்த தலையோடு நின்றாள். பின்னால் இன்னும் மூன்று நான்கு பெண்கள் நின்றார்கள். உயர்த்திய கைகளைக் கீழே விட அவர்களுக்குத் தெரியவில்லை. நாற்காலியில் கூறைப்புடவையோடு உட்கார்ந்திருப்பவளை, கட்டி உட்கார வைத்திருக்கிறார்களோ என்று சந்தேகப்படுகிறவர்கள் மாதிரி பார்த்தார்கள். பிறகு மாமி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். பிறகு கோபம் வந்தது. சொல்லிவிட்டுச் செய்யக் கூடாதா என்று ஹாலாஸ்யத்தைத் திட்டினாள். சந்து முழுக்க அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறது. பிணம் கிடக்கும்போது நைவேத்தியம் கூடாது என்று குருக்கள் கோயிலைப் பூட்டிவிட்டார். மாமியின் வீட்டுக்காரர் சோழவந்தானுக்குத் தந்தி கொடுக்கத் தபாலாபீசுக்குப் போய்விட்டார். யார் வந்து சொன்னார்கள் என்று ஹாலாஸ்யம் கேட்டான்.

"யார் சொல்லணும்? பெட்டி வந்தது. பின்னாலேயே நீ வந்தே. வேற எதுக்குடா வருவே நீ?"

 ஸ்யாமளா சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி, நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"மாமி, நான் இன்னும் இருக்கேன். போய் அடுப்பை மூட்டச் சொல்லுங்கோ."

இரண்டாவது பிளேட்டு இல்லை. கருத்தக்கண்ணன், நான் ஒரு மடையன், ஓடிப்போய் எடுத்துவருகிறேன் என்றார். ஸ்யாமளா போதும் என்றாள். அதற்குள் ராகுகாலம் வந்துவிட்டது. வெயிலும் அவள் முகத்தைத் தாண்டி மடிக்கு வந்திருந்தது. தந்தியை நிறுத்தத் தபாலாபீசுக்கு ஆள் ஓடினான். சந்தில் ஒவ்வொரு கூரையாகப் புகை எழுந்தது. மாமி போகும்போது ஸ்யாமளாவின் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் விரல்களைச் சொடுக்கிவிட்டு, செத்ததாகப் பொய்ச் சேதி பரவினால் ஆயுசு கெட்டி என்று சொன்னாள். மற்றப் பெண்களும் அதையே சொன்னார்கள். ஹாலாஸ்யம் அந்தப் பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

பிளேட்டைக் கழுவின அன்று கருத்தக்கண்ணன் அவனைக் கூப்பிட்டுச் சிவப்பு விளக்கில் காட்டினார். எல்லாம் வந்திருந்தது. புடவையின் கரை, கரையில் இருந்த சிறு மாங்காய்கள், கழுத்துச் சங்கிலி, மடியில் வைத்த கைகள், மேலே இருந்த கையில் மோதிரம் கழன்றுவிடாமல் சுற்றிய நூல்கூடத் தெளிவாக இருந்தது. கழுத்துக்கு மேலே, அவள் திரும்பியதில், வெறும் புகை. அதற்குள் ஒரு கண் மாதிரியும், கொஞ்சம் தள்ளி ஒரு காது மாதிரியும் ஏதோ தெரிந்தது.

"நான் வேணும்னா கண்ண எழுதிக் குடுக்கவா சாமி?"

ஹாலாஸ்யம் வேண்டாம் என்றான். ஒரு பிரதி மட்டும் போட்டுத் தரச் சொன்னான். வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டாமலே இருந்துவிடலாம் என்று நினைத்தான். அவள் கேட்டாள். வாங்கி, ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்து நெடுநேரம் பார்த்தாள்.

"கை நன்னா வந்திருக்கு" என்றாள்.

இன்னொரு நாள் எடுக்கலாம் என்று அவன் சொன்னான். ஆயுசு கெட்டி என்று தெருவே சொல்லியிருக்கிறது. அவசரம் ஒன்றும் இல்லை. அவளும் எப்போது என்று கேட்கவில்லை. மாசியில் காய்ச்சல் திரும்பி வந்தது. படுக்கையோடு சேர்ந்த பிறகு, கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்த பிறகு, படத்தைப் பற்றி இருவருமே பேசவில்லை.

அவன் வேலைக்குப் போனான். முனிச்சாலையில் ஒரு தறிக்காரர், பசுமலையில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், டி. கல்லுப்பட்டிக்குப் போகிற சாலையில் பஸ்ஸில் அடிபட்ட ஒரு வாலிபன். மகன்களின் இரண்டாவது பார்வைக்காகக் காத்திருந்தான். வெயிலைப் பற்றி, நிழலைப் பற்றி, மேகத்தைப் பற்றிச் சொன்னான். ஒருவரும் மறுக்கவில்லை. அவன் குரலில் புதிதாக ஏதோ ஏறியிருக்கிறது, அந்த மாதத்தைப் போல் ஸ்டூடியோவுக்கு எப்போதும் வேலை வந்ததில்லை என்று கருத்தக்கண்ணன் சொன்னார். ஹாலாஸ்யத்துக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. வாயிலிருந்து வார்த்தைகள் வந்தன; எதிரில் நின்றவன் தலையை ஆட்டினான்; பெட்டி வந்தது.

பங்குனியில் ஒரு நாள் காலை, திருப்பரங்குன்றத்தில் வேலையை முடித்துவிட்டு வைகையில் முங்கி எழுந்து, வேஷ்டியைப் பிழிந்துகொண்டே படித்துறை ஏறினான். மேல் படியிலிருந்து அவன் சந்தின் கூரைகள் தெரியும். பத்தரை மணி இருக்கும். ஒரு கூரையிலும் புகை இல்லை. அனுமார் கோயில் கதவு சாத்தியிருந்தது. ராட்டினங்கள் பேசாமல் இருந்தன. பிழிந்த வேஷ்டியை உதறாமல் கையில் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றான். பிறகு, ஏற்கெனவே ஸ்நானம் செய்தாகிவிட்டது, மறுபடியும் செய்ய வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு நடந்தான்.

வாலாம்பாள் மாமி இந்தத் தடவை கூச்சல் போடவில்லை. கஞ்சி கொடுக்க வந்தபோது பார்த்தேன் என்றாள். ஸ்யாமளாவை ரேழியில் கிடத்தியிருந்தார்கள். தூங்குகிறவள் மாதிரிதான் இருந்தாள். சோழவந்தானிலிருந்து ஜகதாம்பாள் வரும்வரை காத்திருக்க வேண்டும். சாமான் வாங்கப் போனவர்கள் இன்னும் திரும்பவில்லை. ஹாலாஸ்யத்துக்கு ஒரு வேலையும் இல்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒருமுறை அவள் முகத்தைப் பார்த்தான். முற்றத்துப் பக்கம் திரும்பிக்கொண்டான். கொஞ்சம் கழித்து மறுபடியும் பார்த்தான்.

யாரோ பக்கத்தில் வந்து நின்றார்கள். கருத்தக்கண்ணன். செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டு, கையில் ஒன்றும் இல்லாமல் வந்திருந்தார். அவனைப் பார்க்காமல் முற்றத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு, ஹாலாஸ்யம் எத்தனையோ வாசல்களில் பேசிய அதே தணிந்த குரலில் பேசினார்.

"வெளிச்சம் இருக்கு சாமி. பொட்டி முக்குல நிக்கிது. நாலு பிளேட்டு கொண்டாந்திருக்கேன். காசு பேச்சே கெடையாது."

ஹாலாஸ்யம் சுவரைப் பார்த்தான். நல்ல வெயில். பங்குனி வெயில், அசையாமல், அழுக்கில்லாமல் இருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் அப்படியே இருக்கும். இதைவிட நல்ல வெளிச்சம் அந்த முற்றத்துக்கு வராது என்று அவனுக்குத் தெரிந்தது. அப்படி யோசிப்பது தான்தான் என்பதும் தெரிந்தது.

"இருக்கட்டும்" என்றான்.

"பொறவு நெனச்சாலும் முடியாதுங்க."

"தெரியும். அவளுக்கு அந்தக் கண்ணு பிடிக்காது."

 கருத்தக்கண்ணன் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார். மூன்று மணிக்கு ஜகதாம்பாள் வந்தாள். நான்கு மணிக்கு எடுத்தார்கள். ஐந்து மணிக்குச் சந்தில் புகை எழுந்தது.

பதின்மூன்றாம் நாள், துக்கத்தை முடித்துவைக்கிற சுபஸ்வீகாரத்துக்கு, ஜகதாம்பாள் குழந்தையைக் கொண்டுவந்திருந்தாள். சட்டம் போட்ட படம் ஒன்றைக் கருத்தக்கண்ணன் பேச்சிமுத்துவிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். அந்த ஒரே படம்தான், கண் எழுதவில்லை. ஹாலாஸ்யம் அதைக் கூடத்துச் சுவரில் மாட்டினான். ஜகதாம்பாள் குளித்துவிட்டு வந்து மல்லிகைச் சரத்தைச் சட்டத்தின்மேல் போட்டாள். சுமங்கலியாகப் போனவள் என்று சொல்லிக்கொண்டே கண்ணாடியில் சந்தனம் தொட்டு வைப்பதற்கு விரலைக் கொண்டுபோனாள். விரல் கண்ணாடிக்கு முன்னால் நின்றது. கொஞ்சம் இடது பக்கம் போயிற்று, திரும்பி வந்தது. அவள் திரும்பி ஹாலாஸ்யத்தைப் பார்த்தாள். அவன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மறுபடியும் திரும்பி, கழுத்துச் சங்கிலி தெரிகிற இடத்தில் சுண்டுவிரலை ஊன்றி, அங்கிருந்து விரற்கடையாக அளந்து, புகைக்கு நடுவில் ஓர் இடத்தில் சந்தனத்தை வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தாள். இடுப்பில் இருந்த குழந்தை அந்தச் சிவப்பைத் தொடக் கையை நீட்டியது. கண்ணாடியில் ஒட்டிவிடும் என்று அவள் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை செல்லூரில் ஒரு மூதாட்டி இறந்துபோனாள். பத்து மணிக்குள் ஹாலாஸ்யம் அங்கே இருந்தான்.